குளிருக்கு மீன் ஓடாது

— தூண்டில் பெட்டியை மூடாதேங்கோ, குலேந்திரன் அண்ணை. நான் சொல்ல வந்ததை இன்னும் சொல்லேல்லை.

— நான் பத்து மணிக்கு வெளிக்கிடுறனான், தங்கச்சி. எல்லாத் திங்களும் அப்பிடித்தான். றெஸ்ரோறண்ட் பூட்டு, எனக்கு லீவு, விடிய ஏரிக்கு வருவன், பத்துக்கு வீட்டை போவன். கதைக்கிறதெண்டால் ரெலிபோனில கதைச்சிருக்கலாம். இந்தக் குளிருக்குள்ள பஸ் ஏறி இஞ்ச வந்து நிக்கத் தேவையில்லை. விளங்குதோ?

— உங்கட ரெலிபோன் என்ர பேரைக் கண்டால் வெட்டுது. ஆறு கிழமையா அடிக்கிறன். தங்கச்சி எண்டும் கூப்பிடாதேங்கோ, திரேசா எண்டு எனக்குப் பேர் இருக்கு. தங்கச்சி எண்டு நினைச்சிருந்தால், என்ர மகள் டிலக்ஷி எந்தக் கோயிலடி, எந்த ஆக்கள் எண்டு யாழ்ப்பாணத்துக்கு அடிச்சு விசாரிச்சிருக்க மாட்டியள்.

— கலியாணப் பேச்செண்டால் விசாரிக்கிறதுதான். ஊர் வழக்கம். நீங்களும் என்ர மகன் பிரவீனனைப் பற்றி விசாரிச்சிருப்பியள்.

— பிரவீனனை ஆரிட்டை விசாரிக்கிறது? ரெண்டு வரியமா என்ர மேசையில இருந்து சாப்பிடுறான். என்ர அலுமாரியை மூண்டாம் மாடிக்குத் தன்ர முதுகில ஏத்தினவன். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைக்கிறான். அதுக்கு மேல என்ன விசாரணை?

— அதுதான் எனக்குக் கொதி. என்ர வீட்டில ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக்கூட எடுத்து வைக்காதவன். சோத்தைப் போட்டு மடக்கிட்டியள்.

— சோத்துக்கு மடங்கிற பிள்ளையை வளத்தது நீங்களெண்டால் அதுக்கும் நானோ குற்றம்?

— சரி, விடியக் காலமை எனக்கு ஞாயம் பிளக்க ஏலாது. சொல்ல வந்ததைச் சொல்லுங்கோ.

— டிலக்ஷியை லண்டனுக்கு அனுப்பப் போறன். என்ர தம்பி வீட்டை. அங்கயும் நேர்ஸ் வேலை எடுக்கலாமாம்.

— உண்மையாவோ?

— இஞ்சேருங்கோ, நான் விளையாட வரேல்லை. நீங்கள் வெண்டிட்டியள். ஆனா அவளைப் பிளேன் ஏத்த முந்தி எனக்கு ஒரு மறுமொழி வேணும். என்ர பிள்ளை ஏன் வேண்டாம்? அதை உங்கட வாயால, என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. சொன்னால் நான் போறன். சொல்லுமட்டும் நீங்களும் போகேலாது, நானும் போக மாட்டன்.

— அதுதான் சொல்லி அனுப்பினனே. சாதகம் பொருந்தேல்லை.

— மாதா கோயிலுக்குப் போற வேதக்காரப் பிள்ளைக்கு ஆர் சாதகம் எழுதினது?

— பிறந்த நேரம் தெரிஞ்சால் எழுதுவிக்கலாம். இப்ப கொம்பியூட்டரிலயே பாக்கலாம்.

— அவள் பிறந்த நேரம் உங்களுக்கு ஆர் சொன்னது? பெத்த எனக்கே மறந்துபோச்சு. ஸ்பிட்டால் துண்டில கிடக்கு, துண்டு என்ர லாச்சியில கிடக்கு. பொய் சொல்லுறதெண்டாலும் கொஞ்சம் பாடுபட்டுச் சொல்லுங்கோ.

— கத்தாதேங்கோ. வெள்ளையள் உலாவிற இடம். நாயோட போற மனிசி திரும்பிப் பாக்குது.

— பாக்கட்டும். அவவுக்கு என்ன விளங்கப் போகுது. ஒக்டோபரில எல்லாருக்கும் விளங்கிற மாதிரி நீங்கள் ஆடின கூத்தை விடவோ? பதிவுக் கந்தோர் வாசல்ல நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்தியள். கையெழுத்து வைக்கப் போன பிள்ளையள் அதை விட்டிட்டு உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினதுகள். ஸ்பிட்டாலில டொக்டர் என்ன சொன்னவர்?

— அது வந்து...

— என்ன சொன்னவர்?

— வாயு எண்டவர்.

— வாயு. என்ர பிள்ளை கலியாணச் சீலையோட விடிய விடிய அந்தக் கதிரையில இருந்தாள், உங்கட வாயுவுக்காக. உங்களுக்குத் தண்ணி பருக்கினதும் அவள்தான்.

— நெஞ்சு நோ எண்டால் நோதான். அந்தாள் வாயு எண்டு எழுதினால் எனக்கு நோகேல்லை எண்டாகுமோ? இனி ஏன் பழசைக் கிண்டுவான். லண்டனுக்கு அனுப்பிறது நல்ல முடிவு. உங்களுக்கும் மரியாதை, எங்களுக்கும் மரியாதை. கையை எடுங்கோ, தூண்டில் தடியை மடிக்கோணும்.

— ஒண்டும் பிடியாமலே போறியளோ?

— இந்தக் கரையில ஒன்பதரைக்குப் பிறகு கடிக்காது.

— ஒன்பதரைக்கு முந்திக் கடிச்சதோ?

— குளிர்காலம். மீன் இல்லை.

— இல்லாமல் எங்க போறது? பனிக்கு வேற நாடு போக அதென்ன கொக்கோ? நான் அந்தா அந்த வாங்கிலடியில நிண்டு கால் மணித்தியாலம் பாத்தனான். எறியிறியள். எறிஞ்ச கையோட சில்லைச் சுத்துறியள். அந்தத் தகரமீன் தண்ணிக்கு மேலால பறந்து வருது. குளிருக்கு மீன் ஓடாது அண்ணை. ஆழத்தில, அடியில, சோம்பிக்கொண்டு கிடக்கும். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்க் குடுத்தாத்தான் திறக்கும்.

— எனக்கு நீங்கள் படிப்பிக்கப் போறியளோ? நான் ஜேர்மன் பாசையில சோதனை எழுதிப் பாஸ் பண்ணினனான். பதினைஞ்சு வரியமா வருசா வருசம் பட்டெண்ட் எடுக்கிறன். இஞ்ச பாருங்கோ மட்டை. மீன் பிடிக்கலாம் எண்டு சூக் கன்ரோன் அரசாங்கம் தந்த மட்டை.

— அதைத் தூண்டில்ல கொழுவி எறிஞ்சு பாருங்கோ, கடிக்குதோ எண்டு.

— பகிடி விடுறியள்.

— மாரி துவங்கி எத்தினை பிடிச்சனீங்கள்?

— நான் எண்ணிக்கொண்டு திரியேல்லை.

— உங்களைத்தான் கேக்கிறன்.

— ஒக்டோபருக்குப் பிறகு ஒண்டும் இல்லை.

— திறவுங்கோ பெட்டியை. இருக்கிறதில பெரிய ஈயம் எடுங்கோ. தகரமீனைக் கழட்டுங்கோ. இந்தாங்கோ, தமிழ்க் கடையில வாங்கின சாளை. இன்னும் ஐஸ் விடேல்லை.

— செத்த மீனையோ போடுறது?

— ஏன், உங்கட மட்டை விடாதோ?

— செத்தது போடலாம். உயிரோடதான் போடக்கூடாது. ஆனா இது கடல் மீன், இந்தத் தண்ணி மீனுக்கு...

— பசிச்ச வாய்க்குக் கடலும் ஏரியும் ஒண்டுதான். வாலடியில குத்துங்கோ. அப்பிடியில்லை. முள்ளோட சேத்துக் குத்துங்கோ, இல்லாட்டி எறியேக்குள்ள சாளை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம் போகும். தாருங்கோ இஞ்ச.

— தொடாதேங்கோ. பட்டெண்ட் என்ர பேரில. கொன்ட்ரோல்காரன் கண்டால் எனக்குத்தான் தண்டம். றூல் எண்டால் றூல், விளங்குதோ?

— சரி, தொடேல்லை. வாயாலதான் சொல்லுறன். வாய்க்குப் பட்டெண்ட் வேண்டாம்தானே. அங்க நாணல் முடியிற இடத்துக்கு அங்கால தண்ணி கறுத்துக் கிடக்கு. நிலம் அதில கீழ இறங்குது. அந்த விளிம்பில போடுங்கோ. ம்... காணும். இனிச் சில்லில கை வைக்கப்படாது. தங்கூசி நூலை விரல்ல தாங்கிக்கொண்டு சும்மா நில்லுங்கோ.

— எவ்வளவு நேரம்?

— மீனுக்கு உங்கட பத்து மணி தெரியாது.

— இதெல்லாம் நீங்கள் எங்க படிச்சனீங்கள்?

— எங்க படிச்சனான் எண்டு தெரிஞ்சுதானே என்ர பிள்ளையை வேண்டாம் எண்டனீங்கள்.

— நான் அப்பிடிச் சொல்லேல்லை.

— அப்ப எப்பிடிச் சொன்னனீங்கள்? சொல்லுங்கோவன். நான் பாசையூர்ப் பெட்டை. என்ர அப்பு மார்கழிப் பனிக்குள்ள வள்ளத்தில குந்தியிருந்து, துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, மற்றத் தலைப்பில காதை வைச்சு, அடியில கத்தாளை மீன் கத்திற சத்தம் கேட்டு, அவ்விடத்தில தூண்டில் இறக்கின மனிசன். உங்கட ஆக்கள் விடிய வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நிண்டு அந்த மீனுக்கு விலை கேட்டவை. மூக்கைப் பொத்தினவை வாயைப் பொத்தேல்லை. இப்ப நீங்கள் சப்பாத்தில இருந்து தொப்பி மட்டும் மீன்காரன் உடுப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு, பிடிச்ச மீனைக் கட்டிப்பிடிச்சுப் பேஸ்புக்கில படம் போடுறியள். இருநூறு பேர் கை தட்டுகினம். நீங்கள் பிடிச்சால் பொழுதுபோக்கு. நாங்கள் பிடிச்சால் சாதி.

— நான் சாதி பாக்கிற ஆளில்லை. வாய்க்கு வந்தபடி கதையாதேங்கோ. உங்கட மனிசனோட டாவோசில ஒண்டா இருந்தனான். குணசேகரத்தைக் கேட்டுப் பாருங்கோ, நான் எப்பிடிப்பட்டவன் எண்டு.

— கேக்கிறதெண்டால் சவக்காலைக்குத்தான் போகோணும்.

— ஐயோ, மன்னியுங்கோ. வாய் தவறிட்டுது.

— ஆறு வரியத்தில உங்களுக்கு மறந்துபோச்சு. பரவாயில்லை. டாவோஸ் எண்டு துவங்கினியள், துவங்கினதை முடியுங்கோ. ஹோட்டல் குசினியில ரெண்டு பேரும் கோப்பை கழுவினியள். ஒரு அறை. எத்தினை கட்டில்?

— ஒண்டு.

— ஆர் படுத்தது?

— மாறி மாறிப் படுத்தம். அவருக்கு இரவு வேலை, எனக்குப் பகல்.

— அவர் எழும்பின சூடு ஆற முந்தி நீங்கள் போய்ப் படுத்தனீங்கள். அவர் வைச்ச மீன்குழம்பில பாணைத் தோய்ச்சுத் திண்டனீங்கள். சட்டியை வழிச்சனீங்கள் எண்டு அந்தாள் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லும். அப்ப எந்தக் கோயிலடி எண்டு ஒருத்தருக்கும் அடிச்சுக் கேக்கேல்லையே.

— அப்ப நாங்கள் எல்லாரும் அகதி, திரேசா.

— ஓ. அகதியா இருக்கேக்குள்ள மனிசர். பாஸ்போட் கிடைச்ச உடன சாதிமான்.

— நீங்கள் சொல்லுற மாதிரி லேசில்லை அது. பிள்ளை எண்டு வரேக்குள்ள வேற. எனக்கும் மனம் எரியுது. ஒக்டோபரோட ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போனவன் இன்னும் வரேல்லை. சாவியை மேசையில வைச்சிட்டுப் போனான். அப்பா எண்டு ஒரு மெசேச் இல்லை. என்ர பிள்ளையை என்னட்டையிருந்து பிரிச்சது ஆர்? நீங்களும் உங்கட மகளும்.

— அவனை நாங்கள் பிரிக்கேல்லை. நீங்கள் வாசல்ல விழுந்த அண்டைக்கு அவனே பிரிஞ்சிட்டான். பொய்க்கு விழுந்த அப்பா எண்டு என்ர மேசையில இருந்து அழுதவன். இருபத்தொன்பது வயசுப் பொடியன், சின்னப் பிள்ளை மாதிரி மூக்கைச் சீறிக்கொண்டு அழுதவன். நான் துடைச்சுவிட்டனான். தெரியுமோ உங்களுக்கு?

— தெரியாது.

— தெரியாது. தெரிஞ்சால் என்ன செய்திருப்பியள்? இன்னொருக்கா விழுந்திருப்பியள்.

— விழுவன்தான். மறைக்கேல்லை. இன்னொருக்கா அந்தக் கந்தோருக்குப் போவினமெண்டால் இன்னொருக்கா வாசல்ல போய்க் கிடப்பன். என்னைத் தாண்டிப் போகட்டும். அவனால தாண்ட ஏலாது. என்ர பிள்ளையை எனக்குத் தெரியும்.

— ஓம். தாண்ட மாட்டான். அதுதான் அவன்ர குறை.

— அரை மணித்தியாலம் ஆச்சு. விரல் விறைச்சுப்போச்சு. ஒண்டும் இல்லை. நான் இழுக்கப் போறன்.

— இழுத்தால் இவ்வளவு நேரமும் நிண்டது வீண். கையை மாத்துங்கோ, மற்றக் கையைக் கமக்கட்டுக்குள்ள வையுங்கோ. என்ன அவசரம்? இண்டைக்கு லீவுதானே.

— மனிசி பாத்துக்கொண்டிருப்பா. பதினொண்டாகப் போகுது.

— ஒருநாள் பாக்கட்டும். அவ என்ன சொல்லுறா இந்தக் கதைக்கு? உங்கட மனிசியைத்தான் கேக்கிறன்.

— அவ ஒண்டும் சொல்லுறேல்லை. வீட்டில நான் சொன்னால் சரி.

— வாய் திறவாத ஆக்கள் எல்லாரும் ஓமெண்டு சொன்னதா நினைக்கிறியள்.

— முப்பத்திரண்டு வரியம் குடும்பம் நடத்தினது நான். அவவின்ர மனம் எனக்குத் தெரியும். இவ்வளவு நாளில ஒருக்காக்கூட எனக்கு மாறாக் கதைச்சதில்லை... திரேசா. தங்கூசி இழுபடுது.

— இழுபடட்டும்.

— ஓடுது, ஓடுது.

— விடுங்கோ. விரலை எடுத்து விடுங்கோ. முதல் கவ்விக்கொண்டு போகும். அஞ்சு மட்டும் எண்ணுங்கோ. வாய்க்குள்ள எண்ணுங்கோ, எனக்குக் கேக்கத் தேவையில்லை.

— மூண்டு, நாலு...

— இப்ப. தடியைத் தூக்கி அடியுங்கோ.

— கடவுளே. கட்டையில மாட்டிட்டுது.

— கட்டை தலை ஆட்டாது. நல்ல மீன். தடியை நிமித்திப் பிடியுங்கோ. அது ஓடேக்குள்ள விடுங்கோ, நிக்கேக்குள்ள சுத்துங்கோ. முரண்டு பிடிச்சால் அறும். உங்கட குணத்தைக் கொஞ்சம் வீட்டில வைச்சிட்டு வந்திருக்கலாம்.

— போன் அடிக்குது. ஜக்கெற் பொக்கற்றுக்குள்ள. ஆரெண்டு எடுத்துப் பாருங்கோ. மனிசியாக்கும்.

— லக்ஷ்மணன் எண்டு விழுது.

— என்ர மச்சான். சூக் ஸ்ரேசனடியில டாக்சி ஓடுறவர். வேலை நேரத்தில அடிக்க மாட்டாரே. என்ர காதில வையுங்கோ.

— காதில வைச்சால் மீன் போயிடும். ரெண்டு கையும் தடியில இருக்கட்டும், கண் தண்ணியில இருக்கட்டும். பேந்து ஆறுதலா அடிச்சுக் கதையுங்கோ.

— திருப்பியும் அடிக்குது.

— அடிக்கட்டும். அது நாணலுக்குள்ள ஓடப் பாக்குது. வலப்பக்கம் சாயுங்கோ, இன்னும் சாயுங்கோ. நாணலுக்குள்ள விட்டியளோ, சரி. அப்பிடித்தான். இனிச் சுத்துங்கோ. மெல்ல. மெல்ல எண்டுறன்.

— தெரியுது. தலை தெரியுது. பிடிவலையை எடுங்கோ.

— தொடக்கூடாது எண்டனீங்கள்.

— எடுங்கோ எண்டுறன்.

— கொன்ட்ரோல்காரன்?

— கொன்ட்ரோல்காரனைத் தூக்கி ஏரியில போடுங்கோ. வலையைக் கீழால விடுங்கோ. கீழால, கீழால. ஆ... எண்பத்தினாலு. இஞ்ச பாருங்கோ, அளவுக் கோட்டில வைச்சால் எண்பத்தினாலு சென்ரிமீற்றர். ஹெக்ட் மீன். பதினைஞ்சு வரியத்தில இப்பிடி ஒண்டு நான் பிடிச்சதில்லை.

— எங்கட சீலா மீன் மாதிரி வாயும் பல்லும். அழகான சாமான். அதைக் கிடந்து துடிக்க விடாதேங்கோ, பாவம். மண்டையில ஒரு அடி போடுங்கோ. அடிக்கிற கட்டை பெட்டிக்குள்ள கிடக்கு, கண்டனான்.

— நீங்கள் அடியுங்கோ.

— நான் ஏன்? பட்டெண்ட் உங்கட பேரில.

— எனக்கு ஏலாது.

— என்ன ஏலாது?

— அடிக்க ஏலாது. நான் ஒருநாளும் அடிச்சதில்லை. பிரவீனன்தான் அடிக்கிறவன், பதினாலு வயசில இருந்து. நான் பிடிச்சுக் குடுப்பன், அவன் ஒரே அடி, நான் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிப்பன். பேந்து ரெண்டு பேரும் காருக்குள்ள இருந்து கோப்பி குடிப்பம். உண்மையைச் சொன்னால், ஒக்டோபருக்குப் பிறகு கடிச்சிடுமோ எண்ட பயத்திலதான் எறிஞ்ச கையோட வேகமாச் சுத்திக்கொண்டு நிண்டனான். வீட்டில இருக்க ஏலாது, அதுதான் வாறனான்.

— அப்ப திருப்பித் தண்ணியில விடுங்கோ.

— சட்டம் விடாது. அளவுக்கு மேல இருந்தால் கொல்லத்தான் வேணும்.

— வலையோட தண்ணிக்குள்ள பிடியுங்கோ. மூச்சு விடட்டும். இஞ்சேருங்கோ, அண்ணை. இந்தாங்கோ உங்கட போன். பிரவீனனுக்கு அடியுங்கோ. அப்பா பெரிய மீன் பிடிச்சிட்டன், வந்து அடிச்சுத் தா எண்டு கேளுங்கோ. அவ்வளவும் போதும். ஓடி வருவான்.

— தனிய வர மாட்டான்.

— ரெண்டு பேருமா வரட்டும். அவளுக்கும் மீன் அடிக்கத் தெரியும். நாலு பேருமா நிண்டு ஒரு கோப்பி குடிப்பம். நான் சண்டைக்குச் சொல்லேல்லை. வந்த நேரத்தில இருந்து இப்பதான் கோவம் இல்லாமல் கதைக்கிறன், உங்களுக்கே தெரியும். ஒருக்காத்தான் கேப்பன். அடியுங்கோ.

— கையில வலை இருக்கு.

— நம்பரை நானே அழுத்தித் தாறன்.

— அவள் என்னோட இதில நிக்கிறதை எங்கட ஆக்கள் ஆராவது கண்டால்? இந்தக் கரையால எத்தினை தமிழாக்கள் போய் வருகினம். வேண்டாம். போனைப் பொக்கற்றில வையுங்கோ.

— வைச்சிட்டன். தள்ளுங்கோ.

— என்ன செய்யிறியள்?

— சட்டம் சொல்லுறதைச் செய்யிறன். மற்றப் பக்கம் பாருங்கோ, பழக்கம்தானே... முடிஞ்சுது. கண்ணைத் திறக்கலாம். இனி நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோ. சாதகம் இல்லை, வேதம் இல்லை. கோயில் மாறச் சொல்லி நீங்கள் கேக்கக்கூட இல்லை. மாறினாலும் மாறாதது ஒண்டு இருக்கெண்டுதானே கேக்கேல்லை. அது என்ன? பேரைச் சொல்லுங்கோ.

— ஓம், அதுதான். என்ர வாயால கேட்டால்தான் உங்களுக்கு ஆறுமெண்டால் கேளுங்கோ. மீன்காரர் வீட்டில பொம்பிளை எடுத்தால் உரும்பிராயில என்ர அண்ணர் என்னைப் படி ஏற விட மாட்டார். இஞ்ச எங்கட ஊர்ச் சங்கத்தில ஒருத்தன் என்னோட ஒரு மேசையில இருக்க மாட்டான். என்ர மற்றப் பிள்ளைக்கு ஆர் வருவினம்? நாளைக்கு நான் செத்தால் என்ர செத்தவீட்டுக்கு ஆர் வருவினம்? விளங்குதோ? காணுமோ?

— காணும். செத்தவீட்டுக்கு ஆள் சேக்கிறதுக்காக உயிரோட இருக்கிற பிள்ளையைக் கலைச்சிருக்கிறியள். குணசேகரத்தை அடக்கின அண்டைக்குப் பனி கொட்டக் கொட்ட இந்த ஊர்ச் சங்கக்காரர் எத்தினை பேர் வந்தவை தெரியுமோ? நீங்களும் வரேல்லை. பெட்டியைத் தூக்கினவன் உங்கட மகன். அப்ப அவனுக்கும் டிலக்ஷிக்கும் பழக்கம்கூட இல்லை. டாவோசில அப்பாவோட இருந்த மாமா எண்டு வந்து தூக்கினவன்.

— எனக்கு அண்டைக்கு வேலை. அவன் போனது எனக்குத் தெரியாது.

— உங்களுக்கு என்னதான் தெரிஞ்சிருக்கு.

— சொல்லிட்டன். நீங்கள் கேட்ட மறுமொழி கிடைச்சிட்டுது. இனி உங்கட சொல்லைக் காப்பாத்துங்கோ. டிலக்ஷி எப்ப லண்டனுக்கு ஏறுறா?

— இப்ப என்ன நேரம்?

— பதினொண்டரை ஆகுது. கேட்டதுக்குச் சொல்லுங்கோ.

— அவள் லண்டனுக்குப் போகேல்லை. இண்டைக்குப் பதினொரு மணிக்குப் பதிவு. முடிஞ்சு வெளியில வந்திருப்பினம். அவை சூக்கில கந்தோருக்குள்ள போறதைக் கண்டிட்டுத்தான் உங்கட மச்சான் அப்ப அடிச்சிருப்பார்.

— பொய். உங்களுக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. தாய் பக்கத்தில இல்லாமல் அவள் கையெழுத்து வைக்க மாட்டாள். நீங்கள் இஞ்ச என்னோட நிக்கிறியள்.

— ரெண்டு தாயில ஒராள்தான் போகலாம் எண்டு வந்தது அண்ணை, மற்ற ஆள் உங்களை இந்தக் கரையில மறிச்சு வைச்சிருக்கோணும். தன்ர சொல்லுக்கு நீங்கள் ஒரு நிமிசமும் நிக்க மாட்டியள் எண்டு உங்கட மனிசி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதா. அதால அவ போய்ச் சாட்சிக் கையெழுத்து வைச்சா, நான் என்ர பிள்ளையின்ர கலியாணத்தைப் பாக்காமல் உங்களிட்டை வந்தன்.